இரண்டு தரம் தட்டினால்

மேல தொங்கிற பெட்டியில இருபது நிமிசம் எண்டு சிவப்பா எழுதிக் கிடந்தது, இப்ப பத்தொன்பது நாற்பது, இந்த ஐஸ் ஹொக்கி விளையாட்டில மணிக்கூடு பின்னுக்குத்தான் ஓடும், மிச்சம் எவ்வளவு எண்டுதான் காட்டும், போனது எவ்வளவு எண்டு பாக்கிறதுக்கு என்னைப் போல ஒரு கிழடு வந்து இந்தக் குளிர்க் கதிரையில குந்தியிருக்க வேண்டியதுதான். இரண்டாவது பீரியட் தொடங்கிட்டுது. என்ர மகன் நிரோஜன் இன்னும் வரேல்லை. ஐஸுக்கு அங்கால எனக்கு நேர எதிராக் கிடக்கிற வாங்கில எங்கட பெடியள் வரிசையா இருக்கினம், கதவடியில இருந்து மூண்டாவது இடம் வெறுமை, அவன்ர தண்ணிப் போத்தல் மட்டும் நிக்குது. முதல் பீரியட் முடிய மூண்டு நிமிசம் இருக்கேக்க மற்ற ரீமின்ர நெடுவல் ஒருத்தன் கையுறையைக் கழட்டி எறிஞ்சுபோட்டு அவனோட சண்டை பிடிச்சவன், கட்டிப்பிடிச்சபடி இரண்டு பேரும் விழுந்தவை, விழுகேக்க என்ர பிள்ளை கீழ. ஹெல்மெற் கழண்டு உருண்டு போனது. தலை ஐஸில பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. நாலாயிரம் சனம் எழும்பி நிண்டு கத்தேக்க எனக்கு அது மட்டும் தனியாக் கேட்டது, பெரிய சத்தம் எண்டில்லை, சீமெந்து நிலத்தில தேங்காயை வைக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். தானேதான் எழும்பினவன். எழும்பி அந்த நெடுவலின்ர தோளில தட்டிப்போட்டுச் சிரிச்சவன். ரீமுக்குக் காயம் பாக்கிற கேற்லின் எண்ட பிள்ளை முழங்கையில பிடிச்சு உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போனவள், அவன் கையை உதறேல்லை. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. வழக்கமா உதறுறவன்.

பக்கத்துக் கதிரையில லொரெய்ன் இருக்கிறா, எழுபது வயசு, முந்தி பள்ளிக்கூட பஸ் ஓடினவவாம், நாலு வருசமா நாங்கள் இரண்டு பேரும் இதே ஆறாம் வரிசையில பக்கத்துப் பக்கத்திலதான். முதுகில என்ர மகன்ர இருபத்தேழாம் நம்பர் போட்ட சட்டை. "கவலைப்படாதை மிஸ்டர் கே, உன்ர பெடியன்ர மண்டை கருங்கல்லு" எண்டு சொல்லிப்போட்டுக் கச்சான் கொட்டையை நீட்டுறா. கனகேஸ்வரன் எண்ட பெயர் வாயில வராத ஆக்களுக்கு நான் மிஸ்டர் கே. வாங்கிச் சப்புறன். கருங்கல்லாம். பெத்த எனக்குத் தெரியாதே அந்த மண்டை என்ன மண்டை எண்டு, பிறந்து எட்டாம் நாள் என்ர உள்ளங்கைக்க அடங்கின மண்டை, உச்சியில மெத்தெண்டு துடிச்சுக்கொண்டு இருந்த இடம் இப்பவும் என்ர பெருவிரலுக்குத் தெரியும். ஆனால் லொரெய்ன் நல்ல மனுசி, அவவில பிழை சொல்ல ஏலாது, இந்த ரவுணே அப்பிடித்தான், என்ர மகன்ர கைமுட்டியைத்தான் இவைக்குத் தெரியும். சண்டை பிடிக்க முதல் இந்த ஆட்டக்காரங்கள் ஒருத்தனை ஒருத்தன் கேப்பாங்கள், "போவமா?" எண்டு, மற்றவன் "போவம்" எண்டால்தான் கையுறை கழரும், கலியாணத்துக்குச் சம்மதம் கேக்கிற மாதிரி அவ்வளவு மரியாதை, பிறகு பல்லுக் கழரக் குத்துவாங்கள், குத்தி முடியத் தோளில தட்டி "நல்லாச் செய்தாய்" எண்டுவாங்கள். இதெல்லாம் எனக்கு விளங்க எத்தினை வருசம் சென்றது. விளங்கின பிறகு பிடிச்சும் போச்சு, அதை ஏன் மறைப்பான். பதினேழு பத்து. கேற்லின் உள்ளுக்கு இப்ப அவனை மாதங்களைப் பின்பக்கமாச் சொல்லச் சொல்லுவாள், அதுதான் சோதனை, டிசம்பர், நவம்பர் எண்டு இறங்கவேணும், பிறகு அஞ்சு சொல்லுச் சொல்லிப்போட்டு பத்து நிமிசம் கழிச்சுத் திருப்பிக் கேப்பாள். நான் எங்கட மாதத்தில சொல்லிப் பாக்கிறன். பங்குனி, மாசி, தை, மார்கழி, கார்த்திகை, ஐப்பசி, புரட்டாதி. புரட்டாதி. அதுக்குப் பிறகு என்னது, சீ, நாக்கில நிக்குது. எனக்கு ஒருத்தரும் மண்டையில அடிக்கேல்லை, வயசு மட்டும்தான் அடிச்சது.

சுடுகாத்துப் பெட்டி ஒண்டு அங்க மூலைக் கூரையில கொரகொரக்குது, அந்தச் சத்தத்தோட நிரோஜன் சின்னனில ஆடின ஸ்காபரோவின்ர பழைய அரீனா வந்து மூக்கில ஏறுது, ஈர றப்பரும் வேர்வையும் வேகின ஹொட்டோக்கும் கலந்த மணம். அங்க நானும் யோகமும் இருக்கிற இடம் இடதுபக்க மூலை, மணிக்கூட்டுக்குக் கீழ, சுடுகாத்து அடிக்கிற இடம் அது ஒண்டுதான் எண்டு யோகம் முதல் நாளே கண்டுபிடிச்சுப் போட்டாள், என்ர மனுசி எங்க சூடு இருக்கு எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். விடிய அஞ்சரைக்குப் பயிற்சி. ஆறு வயசுப் பெடியனைப் போர்வையோட தூக்கிக் காருக்க போட்டுக்கொண்டு போவன், கார் சூடேற முதல் அரீனா வந்திடும். அவனை வாங்கில இருத்திப்போட்டு முன்னால முழங்கால் குத்தி ஸ்கேற் லேஸ் இறுக்குறது என்ர வேலை. அதுக்கு ஒரு கொளுக்கி கிடக்கு, மற்றத் தகப்பன்மார் அதால இழுப்பினம், எனக்கு விரல்தான் சரிவரும், கணுக்கால் கிட்ட வரேக்க மூச்சைப் பிடிச்சு இழுக்கவேணும், தளர்ந்தால் கால் மடங்கும், கூட இறுக்கினால் விறைக்கும், அவன் மேல இருந்து என்ர தலைமயிரைப் பிடிச்சுக்கொண்டு "இன்னும், இன்னும், காணும் அப்பா" எண்டுவான். இரண்டு சுட்டுவிரலிலயும் லேஸ் வெட்டின தடம் இன்னும் கிடக்கு, தடவிப் பாத்தால் தெரியுது. ஏழாவது வயசில முதல்தரம் பலமா விழுந்தவன், ஐஸைச் சுத்தி நிக்கிற பலகையில போய் மோதி. நான் எழும்பி நிக்கிறன், என்ன சொல்லிக் கத்துறது எண்டு தெரியேல்லை, மற்றத் தாய் தகப்பன் எல்லாம் இங்கிலீசில என்னென்னவோ கத்துகினம், எனக்கு வந்தது தமிழ், அது வெளியில வரவும் வெக்கமாப் போச்சு. அண்டைக்குக் காருக்க வைச்சு ஒரு ஒப்பந்தம் செய்தம். விழுந்தால் எழும்பி என்னைப் பார், நோகேல்லை எண்டால் மட்டையால ஐஸில இரண்டு தரம் தட்டு, நான் கையை உயத்துவன். அவனுக்குச் சரியான புழுகம், துள்ளிச் சிரிச்சவன், ரகசியப் பாஷை எண்டு. அண்டையில இருந்து டக் டக் எண்டு தட்டினால் நான் கை உயத்துவன். எத்தினை அரீனா, எத்தினை ஊர், முப்பத்தொரு வயசிலயும் அவன் தட்டுறான். நோகுது எண்டால் எத்தினை தரம் தட்டவேணும் எண்டு நாங்கள் பேசி வைக்கேல்லை. இப்பதான் யோசிக்கிறன். இருபத்திநாலு வருசமா அது என்ர மண்டையில வரேல்லை.

பதினாலரை. ஆரோ எங்கட ஆள் ஒருத்தன் பக்கை மூலைக்குள்ள தள்ளிப்போட்டுப் பின்னால ஓடுறான், ஓடி என்ன, கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறான். நிரோஜனுக்குப் பத்து வயசில இருந்த கை எண்டால், அதைக் கண்டவை சொல்லவேணும். பக் எண்டது ஒரு கறுத்த றப்பர் வட்டு, ஐஸில துள்ளும், அவன்ர மட்டைக்கு வந்தால் படுத்திடும். தலையைக் குனிஞ்சு அதைப் பாக்கவே மாட்டான், கண் எங்கையோ, கை தன்ர பாட்டில வேலை செய்யும், யோகம் ஆரோடையோ கதைச்சுக்கொண்டு வெங்காயம் அரியிற மாதிரி. கோல் அடிக்கிறதில அவனுக்கு ஆசையில்லை, மற்றவனுக்குக் குடுக்கிறதிலதான் ஆசை. ஒருக்கா, பதினொரு வயசு இருக்கும், ஒரு சனிக்கிழமை, ஆர் எண்டும் ஞாபகமில்லாத ஒரு ரீமோட, மூண்டு பேர் அவனைச் சுத்தி நிக்கிறாங்கள், அவன் திரும்பினான், முதுகுப்பக்கத்தால, பாக்காமலே, அந்த மூண்டு பேற்றை கால்களுக்குள்ளால ஒண்டை விட்டான், அது போய் அங்கால தனிய நிண்ட சின்னப் பெடியன்ர மட்டையில நிறைஞ்ச தேத்தண்ணிக் கோப்பையை மேசையில வைக்கிற மாதிரிப் போய் நிண்டது. அந்தச் சின்னவன் திகைச்சுப்போய் அடிக்க மறந்து நிண்டிட்டான். பிறகு மற்ற ரீமின்ர தகப்பன்மாரும் கைதட்டினவை. யோகம் என்ர கையை நுள்ளி "இஞ்சேருங்கோ, இது ஆற்றை வித்தை, உங்கட பக்கமோ என்ர பக்கமோ?" எண்டு கேட்டாள். "என்ர பக்கம் இல்லை" எண்டு சொன்னன், உண்மையும் அதுதான். அந்த ஒரு பாஸை நான் இண்டைக்கும் நித்திரை வராட்டில் கண்ணுக்குள்ள ஓடவிட்டுப் பாக்கிறது. பெரிய லீக்கில அவன் ஆடின ஒரேயொரு ஆட்டத்தின்ர படம் வீட்டுச் சுவரில தொங்குது, ஆறு நிமிசம் ஐஸில நிண்டவன், அதில ஒரு சண்டை, அதைத்தான் படம் எடுத்துச் சட்டம் போட்டு வைச்சிருக்கிறம். அந்தப் பாஸுக்குப் படமில்லை.

பதினாலு வயசில ஒரே கோடையில ஆறடி ஒரு அங்குலம் வந்தான், அதோட வந்தது வினை. கோச் என்னைத் தனியக் கூப்பிட்டவர், பிரென்ற் எண்டு பெயர், காதில ஒரு துண்டு இல்லாத மனுசன், அதுவும் ஹொக்கியிலதான் போனது. "மிஸ்டர் கே, கை நல்ல பெடியள் ஒவ்வொரு ரீமிலயும் பத்துப் பேர் இருக்கிறாங்கள். மூலைக்குள்ள பயமில்லாமல் போய் ஆளை அடிக்கிற உடம்பு உள்ளவன் ஒருத்தன், இரண்டு பேர்தான். உன்ர மகனுக்கு மேல போற வழி அதுதான்" எண்டார். நான் தலையாட்டினன். ஒரு கேள்வி கேட்டனானோ, இல்லை. கேட்டிருக்கலாம், பத்துப் பேரில அவன்தான் திறமோ எண்டாவது கேட்டிருக்கலாம். எனக்கு உள்ளுக்க சந்தோசம், அதுதான் கேக்கேல்லை. ஏனெண்டால் நானும் அந்தச் சாதி ஆட்டக்காரன்தான். யாழ்ப்பாணத்தில புட்போல் விளையாடின காலத்தில என்னைக் கோடாலி எண்டுதான் கூப்பிடுவினம், பின்வரிசையில நிண்டு வெறுங்காலால வெட்டுற வெட்டுக்கு. நாவாந்துறைப் பெடியன் ஒருத்தன், செபமாலை எண்டு பெயர், மெல்லிய ஆள், பந்து அவன்ர காலில ஒட்டிக்கொண்டு வரும், மூண்டு தரம் என்னை ஏமாத்தினவன், நாலாம் தரம் நான் பந்தைப் பாக்கேல்லை, காலைப் பாத்தன். முறிஞ்ச சத்தம் கேட்டது. சனம் என்னைத் தோளில தூக்கிக்கொண்டு போனது. அவன் பிறகு விளையாடேல்லை எண்டு கேள்வி. இதை நான் பெருமையா எத்தினை தரம் நிரோஜனுக்குச் சொல்லியிருப்பன், காருக்க, விடியப்புறம், சுடுகாத்தும் கோப்பியும் சேர்ந்த மணத்தில, கதை கேட்டுக் கேட்டு அவன் சிரிப்பான். அண்டைக்கு வீட்டை வந்து கோச் சொன்னதைச் சொன்னவுடன யோகம் அடுப்பை நிப்பாட்டினாள். "உங்கட ஆசைக்கு என்ர பிள்ளையைக் குடுக்காதேங்கோ" எண்டாள். "உமக்கு விளங்காது, நீர் பேசாமல் இரும்" எண்டன். பதினேழு வயசில அவன் முதல்முதல் சண்டை பிடிச்ச ஆட்டத்தோட அவள் அரீனாவுக்கு வாறதை விட்டிட்டாள், பதினாலு வருசமாச்சு, இப்ப பீரியட்டுக்குப் பீரியட் போனில ஒரேயொரு கேள்வி, பிள்ளைக்கு ஒண்டுமில்லைத்தானே. ஒண்டுமில்லை எண்டுவன். உடைஞ்ச மூக்குக்கும் ஒண்டுமில்லை, இருபத்திரண்டு தையலுக்கும் ஒண்டுமில்லை. ஒருக்கா மணிக்கட்டு வெடிச்சதோட பதின்மூண்டு வயசில வாங்கில இருந்து என்னைப் பாத்தவன், முகம் வெளிறி, தட்டாமல் பாத்தவன். நான் கையை உயத்தினன். நான்தான் முதல் உயத்தினன். பிறகுதான் அவன் தட்டினவன்.

பன்னிரண்டு இருபது. வரேல்லை. வராமல் இருந்தால் நல்லது, வராமல் இருக்கட்டும், உள்ளுக்கே சட்டையை மாத்திக்கொண்டு ஷாமினிக்குப் போன் எடுக்கட்டும். ஷாமினி என்ர மருமகள், வயித்தில ஆறு மாதம், மாசியில பிள்ளை. மாசி, தை, மார்கழி, கார்த்திகை, ஐப்பசி, புரட்டாதி, சனியன், பிறகு என்னது. போன மார்கழியில விழுந்த பிறகு இரண்டு கிழமை இருட்டறையில கிடந்தவன், நான்தான் பெரிய டாக்குத்தரிட்டக் கூட்டிக்கொண்டு போனது, அந்த மனுசன் என்னையும் வைச்சுக்கொண்டு ஒளிக்காமல் சொன்னவர், இனி ஒரு அடி பட்டு, அது ஆற முதல் மேல இன்னொரு அடி பட்டால், பிறகு நான் செய்யிறதுக்கு ஒண்டும் இருக்காது எண்டு. முதலாவது அடி இண்டைக்கு முதல் பீரியட்டில பட்டாச்சு. இரண்டாவது அந்த நெடுவலின்ர கையில கிடக்கு, வாங்கில இருந்து பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறான், இவன் வந்தால் "போவமா" எண்டு கேப்பான், இவன் மாட்டன் எண்டு சொல்லமாட்டான், என்ர மகன். சோதனை இருக்குத்தானே எண்டு நீங்கள் கேப்பியள். கேற்லின் நல்ல பிள்ளை, விதிப்படி செய்வாள், இண்டைக்கு வந்த நம்பரை ஓகஸ்டில எடுத்த நம்பரோட வைச்சுப் பாப்பாள். அதிலதான் வயித்தெரிச்சல் கிடக்கு. சீசன் தொடங்க முதல் ஓகஸ்டில எல்லாருக்கும் சுகமா இருக்கேக்க ஒரு சோதனை வைப்பினம், கம்பியூட்டரில சொல்லுப் பாடமாக்கிறது, வடிவம் பொருத்திறது, வேகமா விரலால தட்டுறது. புதுசா வாற பெடியளுக்குப் பழைய ஆக்கள் முதல் நாளே சொல்லிக் குடுக்கிற விசயம் என்னெண்டால், அதைப் பிழையாச் செய். மந்தமா நடி. அப்பதான் பிறகு மண்டை கலங்கினாலும் நம்பர் இறங்காது, ஐஸுக்கு விடுவினம். இதை எனக்கு அவன்தான் சொன்னவன், இரண்டு வருசத்துக்கு முதல் எங்கட குசினியில புட்டும் முட்டைப் பொரியலும் தின்னேக்க, சிரிச்சுச் சிரிச்சு. "நான் அறுபத்தொண்டு எடுத்தனான் அப்பா, மாட்டுக்கும் அவ்வளவு வரும்." நானும் சிரிச்சன். "உவன் கெட்டிக்காரன்" எண்டு மனசுக்குள்ள சொன்னன். "அம்மாட்டச் சொல்லிப்போடாதை" எண்டு வெளியில சொன்னன். டாக்குத்தர் சொன்ன பிறகு, இந்தப் பங்குனியில, எங்கேயாவது சொல்லுவமோ எண்டு ஒருக்கா வாயெடுத்தன். "சொன்னியள் எண்டால் நான் உங்களோட கதைக்கமாட்டன் அப்பா. எனக்கு வேற என்ன தெரியும் சொல்லுங்கோ" எண்டான். கோவத்தில சொல்லேல்லை, ஆறுதலாத்தான் சொன்னவன். அவனுக்கு வேற ஒண்டு தெரிஞ்சிருந்தது, அந்தப் பாஸ் தெரிஞ்சிருந்தது, நானும் பிரென்றும் சேர்ந்து மறக்கப் பண்ணினம்.

லொரெய்ன் எழும்பிட்டா, சுத்தவரச் சனம் எழும்பிட்டுது, "வந்திட்டான், பாத்தியா, சொன்னனெல்லோ, கருங்கல்லு" எண்டு என்ர முதுகில அடிக்கிறா. வாங்குக் கதவால நிரோஜன் வாறான். ஹெல்மெற் தலையில. சோதனை பாஸ். மூண்டாவது இடத்தில நிண்டபடி மட்டையை எடுக்கிறான், முன்னால இருக்கிற பலகை வேலியில டக் டக், இரண்டு தரம் தட்டினவன். நான் கையை உயத்தினன். அவன் என்னைப் பாக்கேல்லை. நேர எதிரா, ஆறாம் வரிசை, நாலு வருசமா இதே கதிரை, கண்ணை மூடிக்கொண்டும் அவனுக்குத் தெரியும், அவன் தலையைத் திருப்பி இடதுபக்க மூலையைப் பாக்கிறான், சுடுகாத்துப் பெட்டிக்கு அடியில. அங்க ஒருத்தருமில்லை. மூண்டு வரிசைக் கதிரை மடிச்சபடி கிடக்கு. நான் மற்றக் கையையும் உயத்தி ஆட்டுறன். அவன் இன்னும் அங்கதான் பாக்கிறான், பாத்துக்கொண்டே இருக்கிறான், திரும்ப இரண்டு தரம் தட்டுறான், பிறகு முகம் மலர்ந்து ஆருக்கோ தலையாட்டிப்போட்டு வாங்கில குந்துறான். அந்த மூலையில இருந்தது நானும் யோகமும்தான், ஸ்காபரோவில, அவனுக்குப் பத்து வயசில. என்ர உயத்தின கை அப்பிடியே நிக்குது, லொரெய்ன் அதைப் பாத்துச் சிரிக்கிறா. பத்து நிமிசம் ஐம்பது செக்கன்.

படி இறங்கிறன். முழங்கால் நோகுது, நோகட்டும். அரீனாவைச் சுத்தித்தான் அங்கால போகவேணும், ஹொட்டோக் கடை, சட்டை விக்கிற கடை, வரிசையில நிக்கிற சனம், மன்னிக்கவேணும், மன்னிக்கவேணும், அறுபத்தொன்பது வயசில ஓடுறதை ஓட்டம் எண்டு சொல்ல ஏலாது. என்ன சொல்லப் போறாய் கனகேஸ்வரன், இருபத்திநாலு வருசம் கையை உயத்தினவன் இப்ப என்னெண்டு இறக்கப் போறாய். அவன் கதைக்கமாட்டன் எண்டு சொன்னவன், சொன்னால் செய்வான், என்ர பிடிவாதம். மாசியில பிள்ளை பிறந்தால் எனக்குக் காட்டமாட்டானோ. காட்டாட்டிலும் பரவாயில்லை, பிள்ளையின்ர பெயர் அவனுக்கு ஞாபகம் இருக்கவேணும். சுவரிலயும் ஒரு மணிக்கூடு, ஒன்பது பத்து. வாங்குக்குப் பின்னால போற வாசலில நிக்கிற காவல்காரன் என்னைத் தெரிஞ்ச ஆள், "மிஸ்டர் கே, இப்ப உள்ளுக்குப் போகேலாது" எண்டான். "நான் அவன்ர தகப்பன்" எண்டன், வேற ஒரு இங்கிலீசும் வரேல்லை. என்ர முகத்தில என்ன கிடந்ததோ, கேற்லினைக் கூப்பிட்டு விட்டான். வந்தாள், கையில துவாய். சொன்னன். அந்த ஓகஸ்ட் நம்பரை நம்பாதை பிள்ளை, அது நடிச்சு எடுத்தது, நான் கேட்டனான், என்ர காதால கேட்டனான், அதோட இப்ப நான் இல்லாத இடத்தில என்னைப் பாத்துத் தலையாட்டுறான். அரைவாசி தமிழில சொல்லியிருப்பன். அவள் துவாயைத் தோளில போட்டாள். திரும்பிப் போய் நிரோஜனுக்குப் பின்னால நிண்டு, குனிஞ்சு ஏதோ சொன்னாள், தலையில இருந்து ஹெல்மெற்றை மெல்லக் கழட்டித் தன்ர கக்கத்துக்க வைச்சுக்கொண்டாள். ஹெல்மெற் இல்லாமல் ஒருத்தனும் ஐஸில கால் வைக்க ஏலாது. நிரோஜன் திரும்பினான். கண்ணாடிக்கு இங்கால என்னைக் கண்டான். நான் ஒண்டும் செய்யேல்லை, கை இரண்டும் பக்கத்தில தொங்கிக்கொண்டு கிடந்தது.

உள் நடைபாதையில றப்பர் நிலம், ஒரு நீட்டு வாங்கு, மேல ரியூப் லைற். அவன் தலையைச் சுவரில சாய்ச்சுக் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறான், கேற்லின் டாக்குத்தரைக் கூட்டிக்கொண்டு வரப் போயிட்டாள். வெளியில சனம் கத்துறது தண்ணிக்க கேக்கிற மாதிரிக் கேக்குது. நான் முன்னால முழங்கால் குத்தினன், அது கடக்கெண்டு சத்தம் போட்டது. லேஸில கை வைச்சன், முடிச்சு நனைஞ்சு இறுகிக் கிடக்கு, நகத்தால கிளப்பினன். கணுக்காலடியில இருந்து ஒவ்வொரு கண்ணாத் தளர்த்திக்கொண்டு வாறன், விரலுக்கு வழி தெரியுது. புரட்டாதிக்குப் பிறகு ஆவணி. ஆவணி, இப்ப வருகுது, கழுதை. "சொல்லிப்போட்டியள்" எண்டான், கண்ணைத் திறக்காமல். "ஓம்" எண்டன். "என்னெண்டு சொன்னனீங்கள்?" "ஓகஸ்டில நீ நடிச்சு எடுத்த நம்பர் எண்டு." பிறகு சிரிச்சான், சின்னச் சிரிப்பு, அந்தப் புட்டுத் தின்ன நாள் சிரிப்பில ஒரு துண்டு. "நீங்கள் பொய் சொல்லிப்போட்டியள் அப்பா. இந்த ஓகஸ்டில நான் நடிக்கேல்லை. ஷாமினி பிள்ளையெண்டு சொன்ன கிழமை அது. உண்மையா என்ன வரும் எண்டு பாப்பம் எண்டு ஒழுங்காச் செய்தனான், சரியா முயற்சி பண்ணினனான்." லேஸ் என்ர விரலில சுத்திக் கிடந்தது. "எவ்வளவு வந்தது?" எண்டு கேட்டன். "அறுபத்தொண்டு" எண்டான்.

ஸ்கேற்றை இழுத்துக் கழட்டினன். காலுறை நனைஞ்சிருந்தது, பாதம் ஐஸாக் கிடந்தது, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில வைச்சுத் தேய்ச்சன். மற்றக் காலை அவன் தானாத் தூக்கி என்ர துடையில வைச்சான். "நோகுதோ அப்பன்?" எண்டு கேட்டன். என்ர வாயால இந்தக் கேள்வியை அவனிட்ட முதல்தரம் கேக்கிறன். அவன் கண்ணைத் திறந்து நேர என்னைப் பாத்தான், இந்த முறை என்னைத்தான் பாத்தான், "ஓம் அப்பா" எண்டான், "கன காலமா நோகுது." வெளியில பீரியட் முடிஞ்ச சங்கு ஊதினது. பொக்கற்றில போன் துடிக்கத் தொடங்கினது, ஆர் எண்டு பாக்கத் தேவையில்லை, எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவில வைச்சுக்கொண்டு மற்ற ஸ்கேற்றின்ர முடிச்சைப் பிடிச்சன். "பிள்ளைக்கு ஒண்டுமில்லைத்தானே?" எண்டு யோகம் கேட்டாள்.

"நோகுதாம் யோகம்" எண்டன். "கூட்டிக்கொண்டு வாறன்."